முதல் விட்டில் வந்த நாள்

வசந்தம் பஞ்சாங்கத்தில் ஒரே தேதியாக வருகிறது. தோட்டத்திலோ தவணை தவணையாக வருகிறது. இந்தத் தவணைகளுக்குக் கணக்கெழுதத் துணிந்தவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் கீழ்த்திசையில் உள்ள நார்ஃபோக் பிரதேசத்து ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்னும் சிற்றூரின் நிலப்பிரபுவாகிய ராபர்ட் மார்ஷம். 1736-ஆம் ஆண்டில் தொடங்கி, ஸ்னோடிராப் என்னும் வெண்பூ முதலில் மலர்ந்த நாள், தவளைகள் கத்தத் தொடங்கிய நாள், ஓக் மரம் முதல் இலை விட்ட நாள், மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முதலில் கண்ணிற்பட்ட நாள் என்று, காலப்போக்கில் இருபத்தேழு வசந்த அடையாளங்களை அவர் ஆண்டுதோறும் குறித்து வந்தார். 1797-இல் அவர் காலஞ்சென்ற பின்னரும், இடையிடையே விட்டுப்போன ஆண்டுகள் உண்டெனினும், அவருடைய வம்சத்தார் அந்தக் கணக்கை 1958 வரை கைவிடவில்லை.

முதுமையில் மார்ஷமோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த கில்பர்ட் ஒயிட், ஹாம்ஷயரில் செல்போர்ன் என்னும் கிராமத்துப் பாதிரியார். 1751-இல் தோட்டக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கிய இவர், 1768 முதல் 1793-இல் மரணமடையும் வரையில், நாளொன்றுக்கு ஒரு வரியேனும் எழுதும் இயற்கை நாட்குறிப்பை விடாது நடத்தினார். காற்று, மழை, குருவி, வெள்ளரி நாற்று இவற்றுக்கிடையே அதில் சரிசமானமான இடம் பெற்ற பிராணி ஒன்று உண்டு: 1780-இல் அவருடைய அத்தை வீட்டிலிருந்து வந்து சேர்ந்த டிமதி என்னும் ஆமை. குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த அந்த ஆமை வசந்தத்தில் எந்த நாளில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளிவந்தது என்பதையும் அவர் ஒரு ராஜாங்க விஷயத்தைப் போலக் கவனித்து எழுதினார். டிமதி ஆண் அன்று, பெண் என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது.

இவ்விருவரும் கண்டவை பெரும்பாலும் பகலுக்குரியவை. விட்டில்களோ இரவுக்குரிய பிராணிகள். ஆகையால் அவற்றைத் தேடியவர்கள் தினக்குறிப்புக்காரர்களைப் போன்ற நிதானஸ்தர்கள் அல்லர். சேகரிப்பு மோகம் பிடித்தவர்கள். அந்த மோகத்தை உலகம் எப்படிப் பார்த்தது என்பதற்கு, 1709-இல் இறந்த எலினார் கிளான்வில் என்னும் சீமாட்டியின் கதையே போதும். பூச்சிகளைத் தேடி அலைந்த அவர் சித்தசுவாதீனம் உள்ளவராக இருந்திருக்க முடியாது என்று வாதாடி, அவருடைய உயிலையே உறவினர் எதிர்த்தனர். ஆயினும் மோகம் அடங்கவில்லை. பொன்னிறம் பூண்ட கூட்டுப்புழுவை நினைந்து ‘ஆரீலியர்’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்ட லண்டன் சேகரிப்பாளர் சங்கம், 1748 மார்ச் 25-ஆம் நாள் மதுக்கடை ஒன்றில் கூடியிருந்தபோது, கார்ன்ஹில் பகுதியைக் கொளுத்திய பெருந்தீ அவர்களுடைய பேழைகளையும் புத்தகங்களையும் ஒருங்கே சாம்பலாக்கிற்று. உறுப்பினர்கள் உயிர் தப்பியதே பெரிது. விளக்கைத் தேடி வரும் விட்டில்களுக்கு நேரும் கதி, விட்டில்களைத் தேடியவர்களின் பேழைகளுக்கும் அன்று நேர்ந்தது.

மார்ச் மாதத்து இரவில் விட்டில் பிடிப்பதற்கு ஒரு பழைய உபாயம் இருந்தது. இலைகள் துளிர்ப்பதற்கு முன்பே பூத்துவிடும் சாலோ என்னும் காட்டு வில்லோ மரத்தின் மஞ்சட் பூங்குஞ்சங்களில், பசியோடு விழித்தெழுந்த விட்டில்கள் தேனுண்டு மயங்கிக் கிடக்கும். மரத்தடியில் வெள்ளைத்துணி விரித்து, கிளையை மெல்ல உலுக்கி, கைவிளக்கொளியில் பார்த்தால், இறகில் எபிரேய எழுத்தைப் போன்ற கறுப்புக் குறியுள்ள விட்டிலும், குவேக்கர் சமயத்தாரின் எளிய உடைபோல் மங்கிய பழுப்பு நிறங்கொண்ட விட்டிலும் துணிமேல் உதிர்ந்து கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெல்லப்பாகில் ரம் கலந்து அடிமரத்தில் பூசி வைக்கும் வழக்கமும் பரவிற்று. ஆனால், மார்ச் விட்டில் என்றே பெயர் பெற்ற இனத்தின் பெண்ணுக்கு இறகே இல்லை. ஆதலின் அதைக் காண விரும்பியவர், அது ஊர்ந்து ஏறும் அடிமரத்தைத்தான் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

சேகரிப்பவன் தனக்குக் கிடைத்ததை மட்டும் எழுதுகிறான். கணக்கெழுதுபவனோ கிடைக்காததையும் எழுதுகிறான். மார்ஷம் பூவையும் தவளையையும் குறித்த வழியில் விட்டில்களையும் கணக்கிற்குள் கொண்டுவந்தது, ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்கே 1933-இல் சி. பி. வில்லியம்ஸ் ஒரு விளக்குப்பொறியை நாட்டி, இரவுதோறும் விழுந்த விட்டில்களை இனம் பிரித்து எண்ணினார். பின்னர் 1960-இல் எல். ஆர். டெய்லர் அதே இடத்தில் மீண்டும் பொறி வைத்தார். 1968 முதல் நாடெங்கும் பொறிகள் பரவின. இதற்கிடையே, 1950-இல் ராபின்சன் சகோதரர் பாதரச ஆவி விளக்கைக் கொண்டு அமைத்த பொறி, பூச்சிகளைக் கொல்லாமல் பிடிக்கவும், விடிந்ததும் பெயர் சொல்லி எண்ணிவிட்டுப் பறக்கவிடவும் தோட்டக்காரருக்கு வழி செய்தது. ஊசியில் குத்தி வைப்பதே சாட்சியம் என்றிருந்த காலம் போய், எண்ணிக்கையே சாட்சியம் என்னும் காலம் வந்தது.

எண்ணிக்கை சொன்ன செய்தி சந்தோஷகரமானது அன்று. 1968 முதல் 2017 வரையிலான ஐம்பது ஆண்டுகளில், பிரிட்டனின் பெரிய விட்டில்களின் மொத்தத் தொகை 33 சதவீதம் குறைந்திருக்கிறது. மறுபுறம், தம் வீட்டுத் தோட்டத்தில் ஒருவர் எவ்வளவு காண முடியும் என்பதற்கு லெஸ்டர் நகரத்து விலங்கியலாளர் ஜெனிஃபர் ஓவன் சாட்சியானார். 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் சாதாரணமான ஒரு புறநகர்த் தோட்டத்தில் அவர் பதிந்த தாவர, விலங்கு இனங்கள் 2,673. அவற்றுள் பூச்சிகள் மட்டும் 1,997. மார்ஷமின் பழைய ஏடும் வீண்போகவில்லை. வெப்பம் கூடிய ஆண்டுகளில் இலையும் பூவும் எத்துணை முந்துகின்றன என்பதை அறிய, 1995-இல் விஞ்ஞானிகள் அவருடைய குடும்பக் கணக்கையே எடுத்து ஆராய்ந்தார்கள். தட்பவெப்ப மாறுதல் என்னும் சொல்லையே கேட்டிராத மனிதர் அதற்கான ஆதாரத்தைத் திரட்டி வைத்திருந்தார்.

மேற்கு மிட்லாந்துப் பகுதியில் 2003-இல் தோன்றி, 2007-இல் நாடெங்கும் பரவிய தோட்ட விட்டில் திட்டத்தில் சேர்ந்திருப்பவர்கள், மார்ச் முதல் நவம்பர் வரை வாரத்தில் ஓர் இரவு, மழையோ பனியோ, பொறியில் விளக்கேற்றுகிறார்கள். பூச்சிகள் ஒளிந்துகொள்வதற்காக உள்ளே அடுக்கியிருக்கும் முட்டை அட்டைகளை விடிந்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். குளிர் மிகுந்த மார்ச் இரவுகளில் ஒன்றும் இல்லாமற் போவதும் உண்டு. அப்போதும் அவர்கள் பென்சிலை எடுத்து, அந்தத் தேதிக்கு நேரே பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். ஆரீலியர்களின் பேழையில் அந்தப் பூஜ்யத்துக்கு இடமிருந்ததில்லை.