நாகவல்லி முதல் சந்திரமுகி வரை: ஒரு பேய்க் கதையின் பாத்திரங்களும் திண்டுக்கல் சமவெளியின் பாளைய மரபும்

1993 டிசம்பரில் மலையாளத்தில் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ பதினான்கு ஆண்டுகளுக்குள் கன்னடம், தமிழ், இந்தி என்று வரிசையாகப் பயணம் செய்தது. ஒவ்வோர் ஊரிலும் பூட்டிய அறை இருந்தது, கொல்லப்பட்ட நடனக்காரி இருந்தாள், அவளாகவே மாறிப்போன இளம் மனைவி இருந்தாள், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த மனநல மருத்துவரும் இருந்தார். மாறிக்கொண்டே போனவை இரண்டு: நடனக்காரி பேசிய மொழி, அரசனின் இடத்தில் வந்து நின்ற ஆள். இந்த இரு மாற்றங்களையும் பின்தொடர்ந்தால் தென்னிந்திய சினிமா தன் சொந்த வரலாற்றை எங்கே நினைவில் வைத்தது, எங்கே கைவிட்டது என்பது தெரியவரும். திண்டுக்கல் சமவெளியில் இருந்துகொண்டு ‘சந்திரமுகி’யைப் பார்க்கும்போது அந்தக் கைவிடல் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தமிழ்ப் பேய்ப் படங்களின் முந்தைய நிலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த ‘யார் நீ?’, ராஜ் கோஸ்லா 1964இல் இயக்கிய ‘வோ கௌன் தீ?’ என்ற இந்திப் படத்தின் தழுவல். அதில் வெள்ளைப் புடவை கட்டி நடமாடும் உருவத்துக்குப் பின்னால் இருந்தது மனிதர்களின் சதி. 1978இல் துரை இயக்கத்தில் வந்த ‘ஆயிரம் ஜென்மங்கள்’ மலையாளத்து ‘யக்ஷகானம்’ படத்தின் மறுவடிவம். அதில் ஆவி உண்மையாகவே வந்தது. மூலப் படத்தை 1976இல் இயக்கியவர் நடிகை ஷீலா. தமிழில் விஜயகுமார், லதா ஆகியோருடன் ரஜினிகாந்த் நடித்தார். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து ‘சந்திரமுகி’யில் ஷீலா அகிலாண்டேஸ்வரியாகவும் ரஜினி மருத்துவர் சரவணனாகவும் ஒரே வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே நின்றார்கள். பேயை மெய்யென்று காட்டிய கதையின் இரு கரைகளிலும் பங்கேற்றவர்கள், பேயை நோய் என்று சொல்லும் கதையில் சேர்ந்து நடித்தது நம் திரை வரலாற்றில் கவனிக்கப்படாமல் போன ஒரு சந்திப்பு.

இனி மூலக்கதைக்கு வருவோம். மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ மாடம்பள்ளி என்ற தரவாட்டில், அதாவது பழைய குடும்ப வீட்டில், நடக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையிலும் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் படமாக்கினார்கள். பத்மநாபபுரம் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த வீட்டின் தலைவரான காரணவர் சங்கரன் தம்பி தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நடனக்காரியைக் கொண்டுவருகிறார். எதிர்வீட்டில் இருக்கும் ராமநாதன் மேல் அவளுக்குக் காதல். காரணவர் அவளைக் கொல்கிறார். பிற்காலத்தில் அந்த வீட்டுக்கு வரும் நகுலனின் மனைவி கங்கா, தெற்கு அறையில் அவளுடைய நகைகளையும் சலங்கையையும் கண்டெடுத்து, மெல்ல மெல்ல அவளாகவே ஆகிறாள். கங்காவாக நடித்த சோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

கங்கா நாகவல்லியாக மாறும் நொடியில் அவள் தமிழ் பேசுகிறாள். மலையாளப் பார்வையாளருக்குப் பயம் தமிழில் வந்தது. எம். ஜி. ராதாகிருஷ்ணன் இசையில் அவள் ஆடும் பாடலின் தமிழ்ப் பகுதியை எழுதியவர் வாலி. இந்த ஏற்பாடு வெறும் கற்பனையில் முளைத்ததல்ல. சுவாதித் திருநாளின் திருவிதாங்கூர் அவைக்குத் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு போய்ச் சேர்ந்தது நாம் அறிந்த வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையின் நடனம் மேற்கு மலையைத் தாண்டித்தான் கேரளத்து அரண்மனைகளுக்குப் போனது. எனவே மாடம்பள்ளியில் ஒரு தமிழ் நடனக்காரி இருப்பது வரலாற்றுக்குப் பொருத்தம். அந்த வீட்டில் அவள் அந்நியள், மொழி புரியாதவள், அதிகாரம் அற்றவள். அவள் கோபத்துக்கு இருந்த நியாயத்தில் பாதி இந்தத் தனிமையில்தான் இருக்கிறது.

2004இல் பி. வாசு இக்கதையைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என்று எடுத்தபோது பாத்திர அமைப்பு முதன்முறையாகக் குலைந்தது. துவாரகீஷ் தயாரித்த அந்தப் படத்தில் விஷ்ணுவர்தன் மருத்துவர் விஜய்யாக வந்தார். கூடவே கொடுங்கோல் அரசன் விஜய ராஜேந்திர பகதூராகவும் வந்தார். கங்காவாக நடித்த சௌந்தர்யா 2004 ஏப்ரல் 17 அன்று விமான விபத்தில் இறந்தார். படம் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வெளிவந்தது. நாகவல்லி என்ற பெயர் அப்படியே தங்கியது. அவள் மொழி மட்டும் தெலுங்காகிவிட்டது. கர்நாடகத்தில் தமிழ் பேசும் பேய் வேண்டாம் என்று நினைத்தார்களா, தெலுங்கின் இனிமை போதுமென்று நினைத்தார்களா என்று ஊகிப்பதில் பயனில்லை. விளைவுதான் முக்கியம்: பேய்க்கு அயல்மொழி வேண்டும் என்ற விதி அங்கே உறுதிப்பட்டது.

அந்த விதியோடுதான் கதை தமிழுக்கு வந்தது. சிவாஜி புரொடக்ஷன்ஸ் தயாரித்து, அதே பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’ 2005 ஏப்ரல் 14 அன்று வெளியானது. ஜோதிகா கங்காவானார், பிரபு செந்தில்நாதனானார். விஜயநகரத்திலிருந்து வேட்டையபுரத்துக்குக் கொண்டுவரப்பட்ட சந்திரமுகி தெலுங்கில் பாடினாள். வித்யாசாகர் இசையில் வந்த ‘ரா ரா’ தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. தெலுங்கில் மொழிமாற்றம் செய்தபோது அதே பாட்டு ‘வாராய்’ என்று தமிழாக மாறியது. இந்தியில் பிரியதர்ஷன் 2007இல் எடுத்தபோது வித்யா பாலன் வங்காளம் பேசும் மஞ்சுளிகாவானார். மலையாளிக்குத் தமிழ், கன்னடருக்கும் தமிழருக்கும் தெலுங்கு, தெலுங்கருக்குத் தமிழ், இந்திக்காரருக்கு வங்காளம். பக்கத்து வீட்டு மொழியில்தான் எல்லோருக்கும் பேய் பேசியிருக்கிறது.

பாத்திரங்களின் மற்ற மாற்றங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மலையாளத்தில் மோகன்லாலின் டாக்டர் சன்னி படத்தின் நடுப்பகுதிக்கு அருகில்தான் வருகிறார். அதுவரை படம் கங்காவுக்கும் அந்த வீட்டுக்கும் சொந்தம். தமிழில் சரவணன் ஆரம்பத்திலேயே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். மலையாளத்தில் வினயா பிரசாத் நடித்த ஸ்ரீதேவி, ஒரு காலத்தில் நகுலனுக்குப் பேசிவைக்கப்பட்டு ஜாதகக் குறையால் விலக்கப்பட்டவள். சந்தேகம் அவள் மேல் விழுவதற்கு ஒரு பழைய காயம் காரணமாக இருந்தது. தமிழில் இந்த ஒரு பெண் இரண்டாகப் பிரிந்தாள். மணம் முடிக்க நினைத்த பெண் என்ற பங்கு மாளவிகாவின் பிரியாவுக்கும், சந்தேகத்துக்கு ஆளாகும் பங்கு தோட்டக்காரரின் பேத்தியாக வரும் நயன்தாராவின் துர்காவுக்கும் போனது. காயம் இரண்டு பேருக்கும் பங்கிடப்பட்டதால் இருவரிடமும் மெலிந்தது. இதை நான் தழுவலின் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

வடிவேலுவின் முருகேசன் மலையாளத்தில் இன்னசென்ட் நடித்த உண்ணித்தானிலிருந்து பிறந்தவர்தான்; ஆனாலும் மூலத்தை மிஞ்சிய இடம் இது ஒன்று. அரண்மனைக்குள் நுழையும்போது அவர் காட்டும் பயம் நம் ஊர்க்காரர் ஒருவர் இருட்டில் புளியமரத்தைக் கடக்கும் பயம். நடிகர்களின் நகர்வும் சுவையானது: மலையாளத்திலும் கன்னடத்திலும் ஸ்ரீதர் ஆடிய காதலன் வேடத்தைத் தமிழிலும் இந்தியிலும் வினீத் ஆடினார். பேயை விரட்ட வரும் ராமச்சந்திர ஆச்சார்யாவாகக் கன்னடத்தில் வந்த அவிநாஷ் தமிழிலும் அதே வேடத்தில் வந்தார்.

கட்டில் காட்சியை எடுத்துக்கொள்வோம். வெளியே புறப்படும் கங்காவைக் கணவன் போகக்கூடாது என்று தடுக்கிறான். அவள் முதலில் கெஞ்சுகிறாள். பிறகு குரல் தடிக்கிறது, கண்கள் விரிகின்றன, பெரிய கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி நிறுத்துகிறாள். கணவன் பெயர் சொல்லிக் கத்தியதும் கட்டில் கீழே விழுகிறது, அவள் எதுவும் தெரியாமல் விழிக்கிறாள். மலையாளத்தில் இந்த ஒரு நிமிடத்துக்குள் வீட்டுக்காரன், அரசன், தடுக்கும் ஆண் என்ற மூன்றும் கணவன் மேல் வந்து படிகின்றன. அதனால்தான் இறுதிக் காட்சியில் அவள் வாளை ஓங்கும்போது பலகையின் மேல் கிடப்பது நகுலன். கடைசி நொடியில் பலகை புரண்டு காரணவரின் பொம்மை முன்னே வருகிறது. தமிழில் அந்த இடத்துக்கு, கதையின் அரசனான வேட்டையனின் வேடம் கட்டிய சரவணன் வருகிறார். கணவன் ஓரமாக நின்று பார்க்கிறான். கட்டில் காட்சியில் போட்ட முடிச்சு அவிழாமலே படம் முடிகிறது. வேட்டையனாக ரஜினி காட்டிய குரூரம் அவர் நடிப்பு வாழ்வின் உச்சங்களில் ஒன்று, அதில் எனக்கு ஐயமில்லை. அந்த உச்சத்துக்காகச் செந்திலின் பாத்திரம் விலை கொடுத்தது.

இப்போது வேட்டையபுரத்தைத் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விசுவநாத நாயக்கர் காலத்தில் மதுரை அரசு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது மரபு. திண்டுக்கல் சீமையில் கன்னிவாடி, விருப்பாட்சி, இடையகோட்டை, ஆயக்குடி, அம்மையநாயக்கனூர் ஆகியவை பெயர் பெற்ற பாளையங்கள். இவற்றை ஆண்டவர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தார். ஆங்கிலேயரை எதிர்த்துத் திண்டுக்கல் கூட்டமைப்பைத் திரட்டி, 1801இல் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால நாயக்கர் அந்த வழிவந்தவர். அவர் தூக்கிலிடப்பட்ட இடம் என்று மக்கள் சொல்லும் கோபாலசமுத்திரக் குளம் இன்றும் திண்டுக்கல் நகருக்குள் இருக்கிறது. சின்னாளப்பட்டியின் நெசவுத் தெருக்களில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் தமிழோடு கலந்து பேசப்படுகின்றன. இந்தச் சமவெளியில் தெலுங்கு அயலார் மொழியாக இருந்ததில்லை. அது அரண்மனையின் மொழி, தறியின் மொழி, அடுத்த வீட்டு அத்தையின் மொழி.

நடனத்தின் மொழியும் அதுவாகவே இருந்தது. க்ஷேத்ரய்யாவின் பதங்கள் தஞ்சை விஜயராகவ நாயக்கர் அவையோடும் மதுரைத் திருமலை நாயக்கர் அவையோடும் தொடர்புடையவை. திண்டுக்கல் கோட்டையைக் கட்டத் தொடங்கிய முத்துக்கிருஷ்ணப்பரும் இதே நாயக்க மரபினர்தான். ஆகவே இந்தப் பக்கத்து அரண்மனை ஒன்றில் தெலுங்குப் பதத்துக்கு ஆடும் பெண்ணைக் கற்பனை செய்வதில் தவறே இல்லை. ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாளையக்காரருக்கும் அந்தத் தெலுங்கு புரிந்திருக்கும். தன் வீட்டில் அவரும் அதையே பேசியிருப்பார். மலையாளத்தில் தமிழ் பேசிய நாகவல்லிக்கு இருந்த மொழித் தனிமை, தமிழ்நாட்டில் தெலுங்கு பேசிய சந்திரமுகிக்கு இருந்திருக்காது. தழுவியவர்கள் விதியைக் கொண்டுவந்தார்கள். அந்த விதி பொருந்தும் வரலாற்றைக் கொண்டுவர முடியவில்லை. வேட்டையன் எந்த ஊர் அரசன், எந்த மரபினன் என்பது படத்தில் மங்கலாகவே இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் வாசிப்பு.

பேயை விரட்டும் பாத்திரத்திலும் இதே நழுவல். மலையாளத்தில் திலகன் நடித்த பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடு தந்திரமும் தெரிந்தவர், மனநோய் மருத்துவத்தையும் மதிக்கிறவர். கேரளத்து இல்லங்களில் அப்படி ஒருவர் இருப்பார் என்று பார்வையாளர் உடனே ஒப்புக்கொள்வார். தமிழில் வந்த ஆச்சார்யாருக்கு இந்த மண்ணில் அப்படி ஒரு வேர் இல்லை. திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் பெண்ணுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்றால் வீட்டார் கோடாங்கியிடம் போவார்கள். அவர் உடுக்கை அடித்து, வந்திருப்பது யார், எந்த ஊர், என்ன வேண்டும் என்று கேட்பார். தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர் ஊர்களில் கோடாங்கி குலத்துக்கே பூசாரி. அவர் அழைக்கும் தெய்வம் ஜக்கம்மா. இங்கே தெலுங்கு மரபு பேயின் பக்கம் நிற்கவில்லை, பேயைக் கேள்வி கேட்கும் பக்கம் நிற்கிறது. ‘யார் நீ, உனக்கு என்ன அநியாயம் நடந்தது’ என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும் அந்த முறைக்கும், சன்னி கங்காவின் குழந்தைப்பருவத்தைத் தேடிப் போகும் முறைக்கும் உறவு உண்டு. பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் வளர்ந்து, ஒருநாள் திடீரென்று அங்கிருந்து பிரிக்கப்பட்ட சிறுமிதான் கங்கா. அந்தப் பிரிவைச் சன்னி கண்டுபிடித்ததால்தான் மலையாளப் படத்தின் சிகிச்சையை நம்ப முடிகிறது. தமிழில் அந்தச் சிறுமிக்குக் கிடைத்த நேரம் குறைவு.

2023 செப்டம்பரில் வெளிவந்த ‘சந்திரமுகி 2’ படத்தில் ராகவா லாரன்ஸும் கங்கனா ரனாவத்தும் நடித்தார்கள். முருகேசனாக வடிவேலு திரும்பி வந்தார். நோய் என்று முடித்த கதையில் ஆவி மறுபடியும் மெய்யாக வந்தது. 1966இன் சதி, 1978இன் ஆவி, 2005இன் நோய் என்று நகர்ந்த பாதை இப்படி 1978க்கே திரும்பியது. அறுபதாண்டுகளை நெருங்கும் இந்த வரிசையில் எனக்குத் தெரிந்த எந்தத் தழுவலும் நம் பாளையத்து அரண்மனைகளின் இருமொழி வாழ்வைப் பாத்திரமாக்கவில்லை.

சின்னாளப்பட்டிக்கு அருகிலேயே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கம்பளத்து ஊர்களில் கோடாங்கிகளின் தெலுங்குப் பாட்டுகளும், தேவதுந்துபி முழங்க ஆடும் தேவராட்டமும், பாளையத்து வீடுகளில் மாண்ட பெண்களைப் பற்றிய வாய்மொழிக் கதைகளும் முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. இவற்றைக் குரலோடும் பொருளோடும் பதிவுசெய்யும் வேலையைத் தமிழும் நாட்டாரியலும் படிக்கும் மாணவர்கள் இப்போதே கையில் எடுக்க வேண்டும். தெலுங்கு தெரிந்த மாணவர் ஒருவரேனும் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும்.