பத்து ஆராங்: கரி தோண்டிய ஊரில் அரை நாள்

சிலாங்கூரில், ரவாங்கிற்குப் பக்கத்தில் உள்ளது பத்து ஆராங். மலாய் மொழியில் 'கரிக்கல்' என்று பொருள். 1915 முதல் 1960 வரை மலாயன் கோலியரிஸ் நிறுவனம் இங்கு வெட்டிய நிலக்கரி, ரயில்களுக்கும் ஈய லம்பங்களுக்கும் போனது. சீனர்களோடு தமிழர்களும் இங்கே உழைத்தார்கள். 1937இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே கைப்பற்றினார்கள். போலீஸ் புகுந்து மீட்டது.

செங்கல் சூளையின் புகைபோக்கி, சுரங்க வாய், பழைய கடைவீடுகள் எல்லாவற்றையும் காலை வெயில் ஏறுமுன் நடந்தோ சைக்கிளிலோ பார்த்துவிடலாம். கரி தோண்டிய பள்ளங்கள் இன்று ஏரிகள். படம் எடுக்கலாம், இறங்கக் கூடாது; கரையோரமே ஆழம். ஊருக்கு அடியிலும் பழைய சுரங்கப் பாதைகள் உண்டு, மண் உள்வாங்கும். புதருக்குள் போவதென்றால் உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வரவேண்டும். சுரங்கத்தில் அப்பா, தாத்தா வேலை செய்த கதை தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.