நீர்க்கோளத்தில் கண்ட வானவில்

நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தின் வழியே எடுக்கப்படும் புகைப்படங்களில் மரமும் மாளிகையும் தலைகீழாய்த் தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒளி ஓர் ஊடகத்தினின்றும் மற்றொன்றினுள் புகும்போது திசை மாறுவதே காரணம். இத்தகைய கோளம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகத்தில் ஆய்வுக் கருவியாக விளங்கிற்று என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. புகைப்படக் கருவியையே இப்னுல் ஹைதம் கண்டுபிடித்தார் என மேடையில் முழங்கிவிட்டு அமர்ந்துவிடுகிறோம். இருட்டறையின் சிறு துளைவழி ஒளி புகுவதை அவர் நுணுகி ஆராய்ந்தார் என்பதே சரியான செய்தி, அதுவே பெரிது.

அப்பேரறிஞருக்கும் வானவில் பிடிபடவில்லை. மேகத்தைக் குழியாடிபோல் கருதி, எதிரொளிப்பு ஒன்றினாலேயே அதை விளக்க முயன்றார். பிற்காலத்தில் அவருடைய 'கிதாபுல் மனாளிர்' நூலைத் தம் ஆசான் குத்புத்தீன் ஷீராஸியின் வாயிலாகப் பெற்றுப் பயின்றவர் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி. 1319ஆம் ஆண்டளவில் மறைந்த இவர், அந்நூலுக்குத் 'தன்கீஹுல் மனாளிர்' எனும் விரிவுரை வரைந்தார். தன்கீஹ் என்பதற்குக் களைந்து சீர்செய்தல் என்பது பொருள். முன்னோரை மதித்தல் என்பதை அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பது தலைப்பிலேயே தெரிகிறது.

மழைத்துளியோ மிகச் சிறியது. கையில் எடுத்து ஆராய இயலாது. எனவே நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தையே பெருந்துளியாகக் கொண்டு, இருட்டறையில் வைத்து ஒளியைச் செலுத்தினார் ஃபாரிஸி. கதிர் உட்புகும்போது விலகி, பின்சுவரில் ஒருமுறை எதிரொளித்து, வெளியேறும்போது மீண்டும் விலகுவதால் முதல் வில் தோன்றுகிறது என்றார். உள்ளே இருமுறை எதிரொளிப்பதே இரண்டாம் வில்லுக்குக் காரணம். இரு முடிவுகளும் இன்றும் நிலைத்து நிற்கின்றன. நிறங்களின் தோற்றம் குறித்து அவர் கூறியது நிலைக்கவில்லை. அதற்கு நியூட்டன் வரவேண்டியிருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மானியத் துறவி தியோடோரிக்கும் நீர்க்கோளம் கொண்டே அதே விளக்கத்தை எட்டினார். ஒருவரை மற்றவர் அறிந்தமைக்குச் சான்றில்லை. ஆயின் மனாளிரின் இலத்தீன் மொழிபெயர்ப்பு அக்காலத்து ஐரோப்பாவில் வழங்கி வந்தது.

ஃபாரிஸியிடம் இல்லாதிருந்தது ஒளிவிலகலின் அளவு விதி. வில்லின் கோணத்தைக் கணக்கிட்டுக் காட்ட அவ்விதி வேண்டும். அதற்கு ஈடான வடிவியல் விகிதத்தை இப்னு ஸஹ்ல் 984ஆம் ஆண்டளவில் பக்தாதில் எழுதிவிட்டிருந்தார்! இப்னுல் ஹைதம் அவருடைய எழுத்துகளை அறிந்திருந்தும், இதனை எடுத்தாளவில்லை. 1621இல் ஸ்னெல் அவ்விதியைத் தாமாகவே கண்டார். 1637இல் டெக்கார்ட்டே அதை வெளியிட்டு, வில்லின் கோணத்தையும் கணக்கிட்டார். டமாஸ்கஸிலும் தெஹ்ரானிலும் பிரிந்து கிடந்த இப்னு ஸஹ்லின் ஏடுகளை ருஷ்தீ ராஷித் ஒன்றுசேர்த்து, அவர்தம் சாதனையை 1990இல் உலகறியச் செய்தார்.