விலங்கும் கடனும்

பசியாவரம் மீனவர் வலைவீசும் பழவேற்காட்டு ஏரிக்கரையில், 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக் கம்பெனி, துணியோடு மனிதரையும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியது. 1646-47 பஞ்சத்தில் பெற்றோரே பிள்ளைகளை விற்றனர். விலங்கைப் பூட்டியது பசியே.

1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவை விலக்கி வைத்தது. 1843-இல் இங்கு வந்த சட்டமோ, அடிமையின் மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றதேயன்றி, விடுபட்டவனுக்கு நிலமோ பிழைப்போ தரவில்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனையும் ரத்துச் செய்தது. ஆயினும் செங்கற்சூளைகளிலிருந்து மீட்கப்பட்டோருள், வேறு வழியின்றி மீண்டும் முன்பணத்துக்குக் கைநீட்டுவோர் உளர்.

ஜகாத் பெறும் எண்வகையினருள் அடிமைகளின் விடுதலையையும் கடனாளிகளையும் திருக்குர்ஆன் (9:60) அடுத்தடுத்து வைக்கின்றது. விலங்கை உடைத்துக் கடனை விட்டுவைப்பது அரை விடுதலையே; மீட்டவனுக்குப் பிழைக்க வழியும் செய்வதே முழு விடுதலையாகும்.