மதுரைச் சாயத்தொழில்

வைகைக் கரையில் பட்டுநூல்காரர் எனப்படும் சௌராஷ்டிரர் வளர்த்த நூல், சேலைச் சாயத்தொழிலே மதுரைச் சாயத்தொழில். நாயக்கர் காலத்தில் இங்கு குடியேறியதாகச் சொல்லப்படும் இச்சமூகத்தாரின் தெருக்கள் நாயக்கர் மகால் பக்கமிருந்து கிழக்கே வண்டியூர் தெப்பக்குளம் வரை பரவின. சீமைச் சாயம் வந்து நாட்டுச் சாயத்தொழிலை அழித்தது என்று பொதுவாக எழுதுவது வழக்கம். மதுரையில் நடந்தது அதற்கு ஏறத்தாழ நேர்மாறு.

பழைய மதுரைச் சிவப்பு, கடலோர மணற்பாங்கில் தோண்டியெடுத்த சாயவேரின் நிறம். வேரைவிட முன்வேலைதான் கடினம்: உமரிச் செடியின் சாம்பலைக் கரைத்த காரநீரில் நல்லெண்ணெய் கலந்து, நூலை அதில் முக்கிப் பிழிந்து வெயிலில் உலர்த்தி, மறுநாளும் அதையே செய்ய வேண்டும், படிகாரச் சத்து ஏறிய பிறகே நிறம் பிடிக்கும். சாயவேரில் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற பொருள். 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானியர் இருவர் அதையே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினர். ஆகவே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் அலிசரின் மதுரைக்கு வந்தபோது மாறியது வேர் மட்டுமே. எண்ணெயும் காரமும் படிகாரமும் அறிந்த கைக்கு அது பழகிய நிறம்தான். வேருக்குக் காத்திராமல் நூலை மொத்தமாகச் சாயமேற்ற முடிந்ததால் வீட்டுத் தொட்டிகளுக்கு அப்பால் பெரிய சாயப்பட்டறைகளும் சாய வியாபாரிகளும் தோன்றினர்.

வைகைத் தண்ணீரே அந்த நிறத்துக்குக் காரணம் என்பார் உண்டு. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அலிசரின் சிவப்பு தெளிய உதவும் என்பதால் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. ஆனால் ஆறு எக்காலத்தும் இருந்தது. பட்டறைகள் பெருகியது அலிசரினுக்குப் பிறகு. இன்னொரு மறுப்பு வலுவானது: வேர் தோண்டியவர்கள் பிழைப்பை இழந்தார்கள், 1914-இல் போர் மூண்டு ஜெர்மன் சரக்கு நின்றதும் பட்டறைகள் திணறின. மறுப்பதற்கில்லை, ஆனாலும் தொழில் பிழைத்தது. துணியைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்துப் புள்ளி காணும் சுங்குடி, பின்வந்த செயற்கைச் சாயங்களையும் ஏற்றுக்கொண்டு 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்த வாதம் தடுமாறும் இடம் கழிவுநீர். வேரும் சாம்பலும் கலந்த நீரை ஆறு தாங்கியது; இன்றைய சாயக் கழிவு சுத்திகரிக்கப்படாமல் வைகையில் கலந்தால் ஆறு தாங்காது, அந்தச் செலவு சேலையின் விலையில் சேர்வதும் இல்லை.