நெல்வரி முதல் பெறுமதி சேர் வரி வரை

மட்டக்களப்பு வாவியின் மேலைக்கரை படுவான்கரை எனப்படும். ஞாயிறு படும் திசையில் அமைந்தமையால் வந்த பெயர் அது. அக்கரையில் தான்தோன்றீச்சரர் கோயில் கொண்ட பழம்பதி கொக்கட்டிச்சோலை. வயல் சூழ்ந்த இத்தகைய ஊர்களுக்கு வரி என்பது புதிய செய்தியன்று.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் நெல்விளைவின் மீது தானிய வரி விதிக்கப்பட்டிருந்தது. அதனைத் தண்டும் உரிமை ஏலத்தில் விற்கப்பட்டது. ஏலமெடுத்த குத்தகைக்காரரின் மதிப்பீடே உழவனுக்குக் கணக்காயிற்று. 1878ஆம் ஆண்டுச் சட்டம் நெல்லுக்கு ஈடாகப் பணம் செலுத்த வகை செய்தது. ஆயின், செலுத்தவியலாதாரின் காணிகள் விற்கப்பட்டன. வலப்பனையில் நேர்ந்த துயரம் இங்கிலாந்து வரை பேசப்பட்டது. தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், 1892இல், அவ்வரி ஒழிந்தது.

பின்னர் வரியின் பார்வை வாணிகத்தின் மீது திரும்பியது. 1963இல் புகுந்த புரள்வு வரி, பொருள் கைமாறுந்தோறும் வரிமேல் வரியாக ஏறும் இயல்பினது. இக்குறையைக் களையும் முறையைப் பிரான்சு நாடு 1954இலேயே கண்டிருந்தது. இலங்கையில் 1998இல் பண்டங்கள் சேவைகள் வரியும், 2002 ஆகத்து 1 முதல் பெறுமதி சேர் வரியும் நடைமுறைக்கு வந்தன.

இதன் இயல்பு யாது? வணிகர் ஒருவர் 1,000 ரூபா விலையுள்ள சீமெந்தை வாங்குகையில், 18 வீதப்படி 180 ரூபா வரி கொடுக்கின்றார். அதனை 1,200 ரூபாவுக்கு விற்கையில் 216 ரூபா வரி பெறுகின்றார். அரசுக்கு அவர் செலுத்துவது எஞ்சிய 36 ரூபாவே. ஆனால், இக்கழிவு பதிவு பெற்றார்க்கே உரியது.

பதிவுக்கு அளவுகோல் இலாபமன்று, மொத்தப் புரள்வே. 2024 சனவரி முதல் அவ்வெல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபா, காலாண்டுக்கு 1½ கோடி ரூபா என வகுக்கப்பட்டது. எல்லையை எட்டியவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற்று, 15 நாள்களுள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். எல்லைக்குட்பட்டாரும் விரும்பினால் பதியலாம். பதிவுச் சான்றிதழை வணிக இடத்தில் யாவரும் காண வைத்தல் கடன். பதியாத வணிகர் இவ்வரியை வாங்குதல் கூடாது. விலைப்பட்டியலில் பதிவிலக்கத்தைத் தேடுவது வாங்குவோர் உரிமை.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின், படகுப்பாதையை நம்பியிருந்த படுவான்கரை வாணிகத்துக்கு நகரம் அண்மையாயிற்று. வாணிகம் வளர வளரக் கணக்கும் வளரும். அன்று உழவனின் கணக்கைப் பிறர் எழுதினர், அவன் காணியிழந்தான். இன்று கணக்கேடு வணிகரின் கையிலேயே உள்ளது. அதனை நாள்தோறும் செவ்வனே எழுதி வருபவருக்குப் பதிவு அச்சந்தரும் செயலன்று.