தைமால் அறையும் வைரஸ் சோதனையும்

ஒருபுறம், புதுடெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஆவணவியல் பள்ளி: பழந்தாளைச் செப்பனிட அரசு ஊழியர்களுக்குக் கற்றுத்தரும் இடம். மறுபுறம், பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் நிதி தந்து, டிஜிட்டல் பாதுகாப்புக் கூட்டமைப்பு 2020இல் தொடங்கிய ‘நாவிஸ் டு நோ-ஹவ்’ என்னும் இணையவழிப் பயிற்சி. முன்னதில் தூரிகையும் பசையும், பின்னதில் திரையும் சுட்டியும். ஒன்றன் பாடத்தை மற்றதன் மேசையில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும்.

வரவேற்பிலிருந்தே தொடங்கலாம். காப்பகத்துக்கு வந்த கட்டு நேரே அலமாரிக்குப் போகாது. பூஞ்சையைக் கொல்லும் தைமால் ஆவி நிறைந்த மூடிய அறையில் சில நாள் கிடந்த பிறகே உள்ளே வரும். காப்பகத்துக்கு வந்த கணினிக் கோப்பும் நேரே சேமிப்பகத்துக்குப் போகாது. தனித்து நிற்கும் கணினியில் வைரஸ் சோதனை நடக்கும். அங்கே பூஞ்சை, இங்கே வைரஸ். முதல் சோதனையில் பிடிபடாத வைரஸ் பிறகு அடையாளம் காணப்படலாம் என்று சில வாரம் கழித்து மறுபடியும் சோதிக்கிற காப்பகங்கள் உண்டு. இரு பயிற்சிகளிலும் முதல் பாடம் அவசரப்படாமைதான்.

அடுத்தது, முகத்தை நம்பாமை. தாளை ஈரப்படுத்துமுன் எழுத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்து ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்ப்பார்கள். மை ஒட்டினால் நீர் கூடாது. டிஜிட்டல் மாணவரோ கோப்பின் பெயர்வாலை நம்பாமல் ‘ட்ராய்ட்’ மென்பொருளிடம் கொடுப்பார். அது கோப்பின் உள்ளேயுள்ள பைட் அடையாளத்தை ‘ப்ரோனம்’ பதிவேட்டோடு ஒப்பிட்டு, இது உண்மையில் என்ன வடிவம் என்று சொல்லும்.

எண்ணிக்கையில்தான் இரண்டும் சுவையாகப் பிரிகின்றன. தாள்காரர் ஒவ்வோர் ஏட்டுக்கும் பென்சிலால் எண்ணிடுகிறார். டிஜிட்டல்காரர் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் பிட்களிலிருந்து ‘செக்சம்’ என்னும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுகிறார். நோக்கம் ஒன்றே: ஒப்படைத்தது அப்படியே இருக்கிறதா? ஆனால் 47ஆம் ஏடு காணாமல்போனால், போனது 47 என்று எண் காட்டிக்கொடுக்கும். செக்சம் அப்படியன்று. ஒரே ஒரு பிட் மாறினாலும் அடியோடு வேறாகிவிடும். எங்கே மாறியது என்று வாய் திறக்காது. அதனால் டிஜிட்டல்காரர் பெரும்பாலும் பழுது பார்ப்பதில்லை. கெட்ட பிரதியைத் தள்ளி, வேறிடத்தில் வைத்திருந்த நல்ல பிரதியைக் கொண்டுவருகிறார். தாள்காரருக்கு அந்த வசதி ஏது? அவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றைக் காக்க டெல்லியில் உருவான முறைதான் கரைப்பான் லேமினேஷன். நொறுங்கும் தாளின் இருபக்கமும் செல்லுலோஸ் அசிடேட் படலம், அதன்மேல் டிஷ்யூ தாள்; அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் படலம் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். இயந்திரமோ மின்சாரமோ வேண்டாம். வசதி குறைந்த காப்பகங்களுக்கு அது பெரும் வரம். பிற்காலத்தில் பாதுகாப்பு வல்லுநர் பலர் அதைக் கைவிட்டார்கள்: பிரித்தெடுப்பது கடினம், படலமும் மூப்படைகிறது. பழைய கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. இன்று சிறந்ததென்று மாற்றிய வடிவம் நாளைய தலைவலி ஆகலாம். வேறுபாடு, மாற்றிய பிறகும் மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொள் என்று டிஜிட்டல் பயிற்சியால் சொல்ல முடிகிறது என்பதே. லேமினேட் செய்த தாளுக்குத் தனியாக மூலம் கிடையாது. தாள்காரர் பொறாமைப்பட இது ஒன்று போதும்.

வகுப்பறை என்று பார்த்தால் என் ஓட்டு டெல்லிக்குத்தான். ஆசிரியரின் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் திரையில் கற்க முடியாது. ஆனால் எங்கோ ஒரு சிற்றூர்க் காப்பகத்தில் தனியாக இருக்கும் ஊழியரிடம் இலவசமாகப் போய்ச் சேர்வது இணையவழிப் பயிற்சிதான். டெல்லிக்கு ஆளனுப்ப விடுப்பும் பயணப்படியும் வேண்டும்.

கடைசி வேறுபாடு காலம். கணினியில் உருவாகும் பொருளும் பொது ஆவணமே என்று இந்தியாவின் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் அப்போதே சொல்லிவிட்டது. ஆனால் நிலையாக வைக்க வேண்டியது எது என்று, 25 ஆண்டு கடந்த ஆவணங்களை மதிப்பிடச் சொல்வதும் அதே சட்டம். தாள் 25 ஆண்டு பொறுக்கும். 1993இன் ஃபிளாப்பி பொறுக்குமா? தாள் செப்பனிடுபவர் கட்டு வரும்வரை காப்பகத்தில் காத்திருக்கலாம். டிஜிட்டல் பயிற்சி பெற்றவர், கோப்பு பிறக்கும் அலுவலகத்துக்கே போயாக வேண்டும். அங்கே அவர் பார்க்க வேண்டிய ஆளைச் சட்டம் ஏற்கெனவே நியமிக்கச் சொல்லியிருக்கிறது: ஒவ்வோர் அலுவலகத்திலும் ஓர் ஆவண அலுவலர். தாள் கட்டுகளை மதிப்பிட்டு அனுப்ப வேண்டியவரும் அவரே. டிஜிட்டல்காரர் மட்டும் அவரைக் கால் நூற்றாண்டு முன்னதாகப் பிடிக்க வேண்டும்.